சட்ட மாணவர் ஆய்வு உதவியாளராக வேலை செய்ய எந்த நாடு வசதி?

சட்டமாணி இறுதியாண்டு மாணவர்கள் வெளிநாட்டு முதுமாணிப் படிப்புக்கு வரவுசெலவு போடும்போது, வரவுப் பக்கத்தின் கடைசியில் ஒரு வரி தவறாமல் இருக்கும்: "பேராசிரியருக்கு ஆய்வு உதவியாளராக வேலை செய்து பெறும் பணம்." வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் இப்படிப்பட்ட தாள்களை நிறையப் பார்த்திருக்கிறேன். அந்த வரியை அடித்துவிட்டு மீண்டும் கூட்டிப் பாருங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. வேலை கிடைக்காது என்று சொல்லவரவில்லை. முயல்கிறவர்களில் பலருக்குக் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அது எந்த மாதத்தில் கிடைக்கும், வாரத்துக்கு எத்தனை மணித்தியாலம் செய்யலாம், விடுமுறைக்கு ஊருக்கு வந்தால் தொடரலாமா என்பதெல்லாம் நாட்டுக்கு நாடு மாறுகின்றன. சில வேளைகளில் ஒரே பீடத்துக்குள் பட்டத்துக்குப் பட்டம் மாறுகின்றன.

பேராசிரியர் தலையசைத்தால் போதும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். பேராசிரியர் ஆளைத் தெரிவுசெய்கிறார், அவ்வளவுதான். அந்த ஆள் விதிப்படி மாணவரா என்று பீட அலுவலகம் பார்க்கும். வீசா எவ்வளவு அனுமதிக்கிறது என்று வெளிநாட்டு மாணவர் அலுவலகம் பார்க்கும். பிறகு ஊதியப் பிரிவு ஆவணம் கேட்கும். புள்ளி குறைந்ததால் வாய்ப்பை இழந்தவர்களைவிட, நாட்காட்டி ஒத்துவராமல் இழந்தவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன். ஆகவே இந்த ஒப்பீட்டில் ஊதியத்தைவிடக் காலத்தைப் பற்றியே கூடுதலாகப் பேசுகிறேன்.

கொழும்பிலேயே இருந்தால்

அமெரிக்காவில் 'மாணவர் ஆய்வு உதவியாளர்' என்பது ஒரு பதவி. அதற்கு விதி இருக்கிறது, மணித்தியால ஊதியம் இருக்கிறது, படிவம் இருக்கிறது. இங்கே அப்படி ஒரு தட்டு ஏறத்தாழ இல்லை. பல்கலைக்கழக ஆய்வுத் திட்டங்களுக்கு ஆள் எடுக்கும்போது பட்டமும் வகுப்புச் சித்தியும் கேட்பதே வழக்கம். மானியப் பணத்தில் நடக்கும் திட்டமானால் தத்துவமாணி போன்ற பட்டப்பின் பட்டத்துக்குப் பதிவுசெய்ய வேண்டும் என்ற நிபந்தனையும் சேர்ந்து வரும். சட்டமாணி இரண்டாம் ஆண்டில் இருப்பவர் ஒரு விரிவுரையாளரின் கட்டுரைக்கு வழக்குத் தீர்ப்புகளைத் தேடிக் கொடுப்பார். நன்றி சொல்லும் அடிக்குறிப்பில் பெயர் வரும். பணம் வராது.

இலங்கை சட்டக் கல்லூரி மாணவர்களின் நிலை வேறு. 1874 இல் தொடங்கிய அந்தக் கல்லூரி சட்டத்தரணிகளை உருவாக்குவதற்காக அமைந்தது. பேராசிரியர்களும் அவர்களின் ஆய்வுத் திட்டங்களும் அதன் அமைப்பில் இல்லை. புதுக்கடையிலுள்ள அந்தக் கல்லூரியில் படிப்பவருக்கு ஆய்வு அனுபவம் வேண்டுமானால் வெளியேதான் தேட வேண்டும். பரீட்சைகளுக்குப் பின் சட்டத்தரணி ஒருவரின் கீழ் ஆறு மாதப் பயிற்சியும் உண்டு. அந்தக் காலத்தில் காலை முழுவதும் நீதிமன்றத்தில் போய்விடும். மாலையில் ஆய்வு வேலை செய்வேன் என்று உறுதி கொடுத்துவிட்டு மூன்றாம் வாரத்தில் காணாமற்போனவர்கள் பலர்.

வெளியே என்றால் கொழும்பின் ஆய்வு நிறுவனங்கள். இனத்துவ ஆய்வுகளுக்கான சர்வதேச நிலையம் 1982 இலிருந்து இயங்குகிறது. மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையம் 1996 இல் தொடங்கியது. சட்டம் மற்றும் சமூக அறக்கட்டளையும் இருக்கிறது. இத்தகைய இடங்களில் சட்ட மாணவர்கள் நுழையும் கதவு பெரும்பாலும் 'பயிலுநர்' என்ற பெயரில் இருக்கும். ஆய்வு உதவியாளர் என்ற பெயர் பட்டத்துக்குப் பிறகு வரும். விளம்பரத்தில் ஒரு வரியை மட்டும் கவனமாகப் படியுங்கள்: பட்டம் பெற்றவர் மட்டுமா, பெறுபேற்றை எதிர்பார்த்திருப்பவரும் விண்ணப்பிக்கலாமா? வேலைநிறுத்தமும் பெருந்தொற்றும் நம் பல்கலைக்கழக நாட்காட்டியை எப்படிக் குலைத்தன என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. நான்கு ஆண்டுப் பட்டம் நான்கு ஆண்டில் முடிவதும், முடிந்த கையோடு பெறுபேறு கையில் கிடைப்பதும் இரண்டு தனித்தனி அதிர்ஷ்டங்கள்.

பெயரைவிட ஒப்பந்தத்தின் வகை முக்கியம். ஊழியராக எடுத்தால் நிறுவனம் உங்கள் சம்பளத்துக்கு மேல் 12 சதவீதத்தை ஊழியர் சேமலாப நிதியத்துக்குக் கட்ட வேண்டும். உங்கள் சம்பளத்திலிருந்து 8 சதவீதம் போகும். ஊழியர் நம்பிக்கை நிதியத்துக்கு இன்னொரு 3 சதவீதத்தையும் நிறுவனமே கட்டும். தற்காலிக ஊழியர் என்பதால் இது இல்லாமற்போவதில்லை. 'ஆலோசகர்' என்ற பெயரில் சேவை ஒப்பந்தம் கொடுத்தால் இவை ஒன்றும் இல்லை. இருபத்துமூன்று வயதுப் பட்டதாரியை ஆலோசகர் என்று அழைப்பது மரியாதைக்காக அல்ல என்பதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும், கொழும்பில் ஓராண்டு ஆய்வு வேலை செய்துவிட்டுப் போவதே பலருக்குச் சரியான வழி என்று நினைக்கிறேன். காரணம் மொழி. யாழ்ப்பாணத் தமிழரின் வழக்காற்றுச் சட்டமான தேசவழமையைப் பற்றி எழுதும் வெளிநாட்டுப் பேராசிரியர் ஒருவர் 1911 ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமணச் சொத்துரிமைக் கட்டளைச் சட்டத்தை ஆங்கிலத்தில் தானே படித்துவிடுவார். வடக்கில் எழுதப்பட்ட காணி உறுதி ஒன்றைத் தமிழில் படித்து, அதில் சீதனம் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல அவருக்கு ஓர் ஆள் வேண்டும். 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் ஒரு பிரதேச செயலகத்துக்குத் தமிழில் விண்ணப்பம் எழுதி, பதிலை வாங்கி, வராவிட்டால் மேன்முறையீடு செய்த அனுபவம் உள்ளவர் எந்த நாட்டுப் பீடத்திலும் தனியாகத் தெரிவார். தேசிய சுவடிகள் காப்பகத்தில் உட்கார்ந்து பழைய கோப்பு புரட்டத் தெரிந்தவருக்கும் அதே மதிப்பு.

கொழும்பிலிருந்தபடியே வெளிநாட்டுப் பேராசிரியருக்கு வேலை செய்யும் இன்னொரு வழியும் உண்டு. அமெரிக்கப் பீடம் ஒன்று உங்களை மாணவர் உதவியாளராக எடுக்காது, ஏனெனில் நீங்கள் அதன் மாணவர் அல்லர். ஆனால் பேராசிரியரின் ஆய்வு நிதியிலிருந்து சுயாதீன ஒப்பந்தக்காரராக உங்களுக்குப் பணம் கொடுக்கலாம். அப்போது அமெரிக்க வீசாக் கேள்வியே எழாது. நீங்கள் அமெரிக்கர் அல்லர் என்று டபிள்யூ-8பிஇஎன் படிவத்தில் உறுதி கூறுவீர்கள். வேலை முழுவதும் அமெரிக்காவுக்கு வெளியே நடந்ததால் அங்கே வரி பிடிக்கவும் மாட்டார்கள். குறைபாடு என்னவென்றால் இது தனி ஆளின் நல்லெண்ணத்தில் தொங்கும் ஏற்பாடு. நிதி முடிந்தால் அடுத்த மின்னஞ்சல் வராது.

ஐக்கிய அமெரிக்கா: கதவு அகலம், நேரம் குறைவு

மாணவர்களை ஆய்வு உதவியாளராக எடுக்கும் பழக்கம் அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில்தான் மிக வேரூன்றியிருக்கிறது. ஒவ்வொரு பேராசிரியருக்கும் அதற்கென்று ஓர் ஒதுக்கீடு இருப்பது சாதாரணம். ஊதியத்தைப் பேராசிரியர் பேரம்பேசி முடிவுசெய்வதில்லை. பள்ளி ஒரு மணித்தியால வீதத்தை வைத்திருக்கும், எல்லோருக்கும் அதுதான்.

பள்ளிகளின் விதிகளில் திரும்பத் திரும்ப வருபவை சில. அந்தப் பள்ளியில் அந்தச் செமஸ்டரில் பதிவுசெய்த மாணவராக இருக்க வேண்டும். புள்ளி குறைந்து கல்வி எச்சரிக்கையில் இருக்கக் கூடாது. ஒரே வேலைக்குப் பணமும் பாடப்புள்ளியும் சேர்த்து வாங்க முடியாது, ஒன்றைத் தெரிவுசெய்ய வேண்டும். அமெரிக்காவின் அடிப்படைச் சட்டப் பட்டமான மூன்றாண்டு ஜேடியில் முதலாண்டு மாணவர்களை முதல் செமஸ்டரிலோ, முதலாண்டு முழுவதுமோ எடுப்பதில்லை என்று பல பள்ளிகள் வைத்திருக்கின்றன. முதுமாணி மாணவர்களுக்கு இந்த முதலாண்டுத் தடை பொதுவாக இல்லை. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் அவர்களுக்கு இருப்பதே ஓராண்டுதான், அதிலும் ஒன்பது மாதம்.

அந்த ஒன்பது மாதத்தைப் பிரித்துப் பாருங்கள். ஓகஸ்ட் நடுவில் போய் இறங்குகிறீர்கள். ஏறத்தாழ 24 கிரெடிட் (பாடப்புள்ளி) முடிக்க வேண்டும். நியூயோர்க் சட்டத்தரணிப் பரீட்சைக்கு வெளிநாட்டுப் பட்டதாரிகளிடம் கேட்பதும் அந்த 24 தான். செப்டெம்பர், ஒக்டோபர் புது முறைக்குப் பழகுவதில் போய்விடும். எந்தப் பேராசிரியருக்கும் உங்களைத் தெரியாது. டிசெம்பரில் முதல் பரீட்சை எழுதிய பிறகே உங்கள் எழுத்தை ஒருவர் பார்த்திருப்பார். ஜனவரியில் வேலை தொடங்கினால் மே தொடக்கத்தில் படிப்பு முடிகிறது. ஆக உண்மையான வேலைக்காலம் ஒரு செமஸ்டர். அதுவும் பேராசிரியர்கள் வாரம் ஐந்து, பத்து மணி வேலை கொடுப்பதே வழக்கம்; இருபது மணி முழுவதும் நிரம்புவது அரிது.

இருபது என்ற எண்ணைப் பற்றி ஒரு குழப்பம் நிலவுகிறது. அமெரிக்கச் சட்டத்தரணிகள் சங்கம் சட்டப் பள்ளிகளுக்கு அங்கீகாரம் கொடுக்கும் அமைப்பு. முழுநேர மாணவர் வாரம் 20 மணிக்கு மேல் வேலை செய்யக் கூடாது என்ற விதியை அது 2014 இல் நீக்கியது. இதை எங்கோ படித்துவிட்டு, கட்டுப்பாடு போய்விட்டது என்று நினைத்துவிடாதீர்கள். எஃப்-1 எனப்படும் மாணவர் வீசாவில் இருப்பவருக்குச் செமஸ்டர் நடக்கும் காலத்தில் வளாகத்துக்குள் 20 மணி என்பது குடிவரவு விதி. அதைச் சட்டத்தரணிகள் சங்கம் தொட முடியாது. பக்கத்து இருக்கை அமெரிக்க மாணவி 25 மணி போட்டாலும் நீங்கள் போட முடியாது. நூலக மேசையில் 12 மணி, பேராசிரியரிடம் 10 மணி என்று பிரித்தாலும் மொத்தம் 22, அது மீறல். போன வாரம் 15 மணிதான் செய்தேன், இந்த வாரம் 25 செய்கிறேன் என்று சராசரி எடுக்கவும் இடமில்லை. செமஸ்டர் விடுமுறையில் முழுநேரம் செய்யலாம்.

விளம்பரங்களில் 'கூட்டாட்சி வேலை-படிப்புத் திட்டத்துக்குத் தகுதியுள்ளோர் மட்டும்' என்று போட்டிருந்தால் அடுத்ததைப் பார்க்கலாம். அந்தப் பணம் அமெரிக்க அரசின் மாணவர் உதவியிலிருந்து வருகிறது. வெளிநாட்டு மாணவர் வீசாவில் இருப்பவருக்கு அது கிடையாது. அதே பேராசிரியரிடம் வேறு நிதி இருக்கிறதா என்று கேட்பதில் தவறில்லை.

ஆவண வேலையில் வரிசை முக்கியம். முதலில் வேலை உறுதிக் கடிதம். பிறகு வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தின் கடிதம். இரண்டையும் கொண்டுபோனால்தான் சமூகப் பாதுகாப்பு எண்ணுக்கு விண்ணப்பிக்க முடியும். வேலை இல்லாமல் எண் கிடைக்காது. எண் வரும்வரை வேலையைத் தொடங்கலாம் என்றாலும் ஊதியப் பிரிவு நச்சரித்துக்கொண்டே இருக்கும். வேலை தொடங்கி மூன்று வேலைநாட்களுக்குள் வேலை செய்யும் உரிமையைச் சரிபார்க்கும் ஐ-9 படிவத்துக்காக மூல ஆவணங்களைக் காட்ட வேண்டும். ஆகவே கடவுச்சீட்டைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருங்கள். இதில் ஒரு வேடிக்கை: எஃப்-1 மாணவர்களின் சம்பளத்தில் பொதுவாக முதல் ஐந்து நாட்காட்டி ஆண்டுகளுக்குச் சமூகப் பாதுகாப்பு வரி பிடிக்கப்படுவதில்லை. எண் மட்டும் கட்டாயம்.

அமெரிக்க அரசின் புல்பிரைட் புலமைப்பரிசிலில் போகிறவர்களுக்கு வேறு கணக்கு. கொழும்பில் 1952 இலிருந்து இயங்கும் புல்பிரைட் ஆணைக்குழு மூலம் போனால் வீசா, பரிமாற்றத் திட்டங்களுக்கான ஜே-1. அதிலும் 20 மணிதான், ஆனால் வேலை தொடங்குமுன் திட்ட அனுசரணையாளரின் எழுத்துமூல அனுமதி வேண்டும். படிப்பு முடிந்தபின் ஈராண்டு சொந்த நாட்டில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் புல்பிரைட்டோடு ஒட்டியே வருகிறது. முழுச் செலவும் கிடைக்கிறது என்றால் அது நல்ல பண்டமாற்றுதான். ஆய்வு உதவியாளர் வேலையை நம்பி இருக்கவேண்டிய தேவையே அப்போது இல்லை.

ஜேடி போன்ற நீண்ட படிப்பில் இருப்பவர்களுக்குக் கோடை விடுமுறை ஒரு பொறி. கட்டுநாயக்காவில் இறங்கி, அம்மாவின் சமையலோடு கணினியில் வேலையைத் தொடரலாம் என்று திட்டமிடுவார்கள். பல அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் மாணவர் ஊழியர் நாட்டுக்கு வெளியிலிருந்து வேலை செய்ய அனுமதிப்பதில்லை. வரி, காப்புறுதி, தரவுப் பாதுகாப்பு என்று காரணங்கள் சொல்வார்கள். டிக்கெட் எடுக்குமுன் கேளுங்கள்.

படிப்பு முடிந்த நாளோடு வளாக வேலைக்கான உரிமையும் முடிகிறது. அதற்குப் பிறகு தொடர ஓபிடி எனப்படும் 12 மாத வேலை அனுமதி வேண்டும். படிப்பு முடிவதற்கு 90 நாள் முன்னிருந்து, முடிந்த 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அனுமதியில் பேராசிரியரிடமே ஆய்வு வேலை செய்யலாம். வாரம் குறைந்தது 20 மணி செய்தால் ஊதியமில்லாத வேலையும் வேலையில் இருந்ததாகவே கணக்கில் வரும். முதுமாணி மாணவர்களுக்கு ஆய்வு உதவியாளர் வேலையின் சிறந்த காலம் உண்மையில் இந்தப் பட்டத்துக்குப் பிந்திய ஓராண்டுதான் என்பது என் கணிப்பு. நியூயோர்க் பரீட்சை எழுதுகிறவர்கள் ஜூலை இறுதிவரை வேறெதையும் தொட முடியாது என்பதையும் சேர்த்துத் திட்டமிட வேண்டும்.

பிரித்தானியா: ஓராண்டு முழுவதும் தவணை

இங்கே 'ஆய்வு உதவியாளர்' என்று விளம்பரம் வந்தால் அது பெரும்பாலும் பட்டதாரிகளுக்கான நிரந்தர அல்லது தவணை ஒப்பந்த வேலை. முதுமாணியோ கலாநிதிப் பட்டமோ கேட்பார்கள். மாணவருக்குப் பொருந்துவது மணித்தியாலக் கணக்கில் தற்காலிகமாக எடுக்கும் வேலை. அது விளம்பரமாகவே வராமலும் போகலாம். வகுப்பில் நன்றாகப் பேசியவரை விரிவுரையாளர் அழைத்துக் கேட்பார்.

மாணவர் வீசாவில் பட்டப்படிப்பு நிலையில் தவணைக் காலத்தில் வாரம் 20 மணி. வாரம் என்றால் திங்கள் முதல் ஞாயிறு வரை. இங்கேயும் சராசரி இல்லை. விடுமுறையில் முழுநேரம் செய்யலாம் என்று எல்லோருக்கும் தெரியும். தெரியாதது, முதுமாணி மாணவருக்குக் கோடை விடுமுறையே இல்லை என்பது. ஜூன் முதல் செப்டெம்பர் வரை நீங்கள் ஆய்வேடு எழுதுகிறீர்கள். வீசாக் கணக்கில் அது படிப்புக் காலம். இளமாணி மாணவர்கள் அதே ஜூலையில் முழுநேரம் வேலை செய்துகொண்டிருப்பார்கள், நீங்கள் 20 மணியில் நிற்க வேண்டும். வேலை கொடுப்பவர் உங்கள் தவணைத் திகதிகளுக்கான சான்றைப் பல்கலைக்கழகத்திடமிருந்து பெற்று வைத்திருக்க வேண்டியது விதி என்பதால், சமாளித்துவிடலாம் என்ற எண்ணம் வேண்டாம். வீசாவுக்கு மேல் பல்கலைக்கழகம் தன் சொந்த உச்சவரம்பை வைத்திருக்கலாம். முழுநேர முதுமாணி மாணவர்கள் தவணைக்குள் வேலையே செய்ய வேண்டாம் என்று சொல்லும் இடங்களும் உண்டு.

"பணம் வேண்டாம், அனுபவத்துக்காகச் செய்கிறேன்" என்பது நம் பிள்ளைகள் அடிக்கடி சொல்லும் வசனம். பிரித்தானிய விதி ஊதியமில்லாத வேலையையும் வேலையாகவே பார்க்கிறது. கடமைகளும் நேரமும் வகுத்த ஊதியமில்லாத வேலை அந்த 20 மணிக்குள் அடங்கும். உண்மையான தொண்டுப் பணி மட்டுமே வேறு. பேராசிரியரின் புத்தகத்துக்கு அடிக்குறிப்புச் சரிபார்ப்பதைத் தொண்டு என்று யாரும் ஏற்கமாட்டார்கள்.

அவுஸ்திரேலியாவும் கனடாவும்

மணிக்கணக்கில் மிகவும் தாராளம் இந்த இரண்டும்தான். ஏன் நம்மவர்கள் இதைப் பார்த்து முடிவெடுப்பதில்லை என்று எனக்குப் புரியவில்லை. உறவினர் இருக்கும் நகரத்தைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள்.

அவுஸ்திரேலியாவில் 2023 ஜூலை 1 முதல் மாணவர் வீசாவில் படிப்பு நடக்கும் காலத்தில் இரண்டு வாரத்துக்கு 48 மணி. வாரத்துக்கு 24 என்று வகுக்க வேண்டியதில்லை; கட்டுரை ஒப்படைக்கும் வாரத்தில் 8 மணியும் அடுத்த வாரத்தில் 40 மணியும் செய்யலாம். ஆய்வு வேலை இப்படித்தான் ஏறி இறங்கும், அதனால் இந்த முறை பொருத்தமானது. இதைவிட முக்கியமான ஒரு வேறுபாடு: பாடநெறி முதுமாணிக்கு 48 மணி வரம்பு உண்டு, ஆய்வு முதுமாணிக்கும் கலாநிதிப் படிப்புக்கும், படிப்பு தொடங்கிய பிறகு, வரம்பே இல்லை. அதே பீடம், அதே பேராசிரியர், அதே நூலகம். விண்ணப்பத்தில் எந்தப் பெட்டியில் அடையாளம் இட்டீர்கள் என்பதுதான் வித்தியாசம். படிப்பு தொடங்கும் நாளுக்கு முன் வேலை செய்ய முடியாது. சம்பளத்துக்கு மேல் 12 சதவீதம் ஓய்வூதிய நிதிக்குப் போகும். நாட்டை விட்டு நிரந்தரமாகப் போகும்போது வரி கழித்து மீளப் பெறலாம்.

கனடாவில் முழுநேர மாணவர் வளாகத்துக்குள் வேலை செய்ய மணி வரம்பு இல்லை. 2024 நவம்பர் முதல் வாரம் 24 மணி என்று செய்தித்தாள்களில் வந்தது வளாகத்துக்கு வெளியிலான வேலைக்கு. ஆய்வு உதவியாளரின் வேலை ஆய்வு மானியம் ஒன்றோடு நேரடியாகத் தொடர்புடையதென்றால், வளாகத்துக்கு வெளியே நூலகத்திலோ பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஆய்வு நிலையத்திலோ செய்தாலும் வளாக வேலையாகக் கருதப்பட இடமுண்டு. சமூகக் காப்புறுதி எண் வேண்டும். தற்காலிக வதிவாளரின் எண் 9 இல் தொடங்கும், கல்வி அனுமதி முடியும் நாளோடு அதுவும் முடியும், அனுமதியை நீட்டினால் எண்ணையும் புதுப்பிக்க வேண்டும். வரம்பு இல்லை என்பதால் பேராசிரியர் நாற்பது மணி கொடுப்பார் என்று பொருளல்ல. ஆய்வேடு எழுதும் முதுமாணியில் சேர்ந்தால் முதல் நாளிலிருந்தே ஒரு மேற்பார்வையாளர் இருப்பார். அவருடைய மானியத்தில் வேலை செய்யும் வாய்ப்பு அங்கிருந்தே தொடங்கும். அமெரிக்க முதுமாணி மாணவர் டிசெம்பர் வரை காத்திருக்கும் அறிமுகம் இங்கே சேர்க்கைக் கடிதத்தோடு வருகிறது.

யாருக்கு எது

கலாநிதிப் பட்டமும் பல்கலைக்கழக விரிவுரையும் இலக்கு என்றால் கனடாவின் ஆய்வேட்டு முதுமாணி, அல்லது அவுஸ்திரேலியாவின் ஆய்வு முதுமாணி. இதில் எனக்குத் தயக்கமில்லை. ஒன்பது மாத அமெரிக்க முதுமாணியில் ஒரு செமஸ்டர் ஆய்வு வேலையைப் பெற்று, அதிலிருந்து பரிந்துரைக் கடிதம் வாங்கி, பிறகு கலாநிதிக்கு விண்ணப்பிப்பது நடக்கக்கூடியதுதான், நடந்தும் இருக்கிறது. ஆனால் அதற்குக் கட்டும் பணம் மிகப் பெரியது, கிடைக்கும் காலம் மிகச் சிறியது.

நியூயோர்க்கில் சட்டத்தரணியாக வேண்டும் என்பவருக்கு அமெரிக்காதான் வழி. அவர் ஆய்வு உதவியாளர் வேலையைப் பக்கவரவாக மட்டும் நினைக்கட்டும். பிரித்தானிய முதுமாணிக்குப் பல நல்ல காரணங்கள் உண்டு: ஓராண்டில் முடியும், நம் சட்ட மரபுக்குப் பக்கம், புலமைப்பரிசில்கள் அறிமுகமானவை. ஆய்வு வேலை அந்தக் காரணங்களில் ஒன்றல்ல.

புலமைப்பரிசில் இல்லாமல், காணியை ஈடுவைத்துப் போக நினைப்பவர்களுக்கு: ஓராண்டு பொறுங்கள். கொழும்பில் ஆய்வு நிறுவனம் ஒன்றில் சேருங்கள், சம்பளம் சிறிதானாலும் சேமலாப நிதியோடு. ஆய்வு மானியமோ புலமைப்பரிசிலோ கேட்கும் விண்ணப்பத்தில் "ஆய்வில் ஆர்வம் உண்டு" என்று எழுதுபவருக்கும், வெளியான ஓர் அறிக்கையில் தன் பெயரைக் காட்டுபவருக்கும் இடையே தெரிவுக்குழு தயங்குவதில்லை. மணித்தியால ஆய்வு வேலையில் எதிர்காலத்தில் வரப்போகும் வருமானத்தைக் காட்டி எந்தத் தூதரகத்திலும் வீசா வாங்கவும் முடியாது. எழுத்தில் உறுதிசெய்யப்பட்ட உதவித்தொகை இருந்தால்தான் அது பேச்சுக்கு வரும்.

சேர்க்கைக் கடிதம் கையில் இருப்பவர்கள் முற்பணம் கட்டும் திகதிக்கு முன் ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். சேர்க்கை அலுவலகத்துக்கு அல்ல. அவர்கள் எல்லாவற்றுக்கும் ஆம் என்பார்கள். பீடத்தில் மாணவர் ஊழியர்களை நியமிக்கும் அலுவலருக்கும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்துக்கும் அனுப்புங்கள். என் பட்டத்தில் இருப்பவர் முதல் தவணையிலேயே ஆய்வு உதவியாளராக நியமிக்கப்படலாமா? கோடைக்காலம் என் பட்டத்துக்கு விடுமுறையா, படிப்புக் காலமா? நாட்டுக்கு வெளியே இருக்கும் நாட்களில் வேலையைத் தொடரலாமா? கடந்த ஆண்டு என் பட்டத்தில் எத்தனை பேர் இப்படி வேலை செய்தார்கள்? கடைசிக் கேள்விக்கு எண் வராமல் "பல வாய்ப்புகள் உள்ளன" என்று பதில் வந்தால், வரவுசெலவுத் தாளில் அந்த வரிக்கு நேரே பூச்சியம் போடுங்கள்.